நாவலில் இவர்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள்? (சமீபத்தில் படித்தவை)

உளுந்துக்கடை (ரங்கூன்)

ஆறு மாதமாக இந்த இணைய மன்றத்தின் பக்கம் தலை காட்டவில்லை. உளுந்து சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் எங்கள் கடையில் ஈ ஓட்டும் வேலைதான். கரண்ட் இருக்கும்போது போனை சார்ஜ் போட்டு வைப்பது, இல்லாதபோது அதில் படிப்பது. சார்ஜும் தீர்ந்தால் மெழுகுவத்தியும் தாள் புத்தகமும். இப்படியே நாலு நாவல் முடிந்துவிட்டது. விமர்சனமெல்லாம் எனக்கு எழுதத் தெரியாது. பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்கிறேன்.

முதலிலேயே என் கோணல் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். நாவலில் ஒருவர் வாயைத் திறந்தால் எந்த மொழியில் திறக்கிறார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கதை, நடை, தத்துவம் எல்லாம் அப்புறம். எங்கள் வீட்டு நிலைமை அப்படி. அப்பா சாமி கும்பிட்டது தமிழில், கடைக் கணக்கு போட்டது பர்மியத்தில். மூட்டை விலை பேச வரும் சேட்டுகளிடம் இந்தி. நானும் தம்பியும் சண்டை போட்டால் தமிழில் தொடங்கி, சூடு ஏறியதும் பர்மியத்துக்குத் தாவிவிடுவோம். யார் யாரிடம் எதைப் பேசினார் என்பதை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவே முடியாது. பர்மாவை வைத்து எழுதுகிறவர்கள் பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஜார்ஜ் ஆர்வெலின் "பர்மீஸ் டேஸ்". பன்சொடான் தெரு நடைபாதையில் வாங்கிய ஜெராக்ஸ் பிரதி, நடுவில் இரண்டு பக்கம் தலைகீழாக ஒட்டியிருந்தது. 1934-ல் வந்த நாவல். அவர் 1922 முதல் 1927 வரை இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்தவர். கதாநாயகன் ஃப்ளோரியின் புலம்பல் எனக்கு அலுத்துவிட்டது. நூறு பக்கத்துக்கு மேல் ஒருவன் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவுதான் கேட்பது? ஆனால் ஆரம்பத்திலேயே கிளப்பில் ஒரு காட்சி வருகிறது பாருங்கள். பட்லர் ஐஸ் பற்றி எல்லிஸ் என்ற வெள்ளைக்காரனிடம் ஏதோ சொல்கிறான். நல்ல ஆங்கிலத்தில், முழு வாக்கியமாகச் சொல்லிவிடுகிறான். எல்லிஸுக்கு வருகிறது கோபம். அகராதியை முழுங்கிவிட்டாயா என்று திட்டி, வேலைக்காரன் எப்படிக் கொச்சையாகப் பேச வேண்டும் என்று அவனுக்குப் பாடம் நடத்துகிறான். ஆங்கிலம் ரொம்ப நன்றாகப் பேசத் தொடங்கினால் இவனை வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும் என்கிறான். அந்த பட்லரை ஆர்வெல் "திராவிடன்" என்று எழுதியிருக்கிறார். நம் ஆள்! அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அதே நாவலில் டாக்டர் வீராசாமி வருகிறார். ஃப்ளோரியின் நண்பர். ஆங்கிலேயரை ஆங்கிலேயனே திட்டுவான், இவர் அவர்களுக்காக வக்காலத்து வாங்குவார். வராந்தாவில் உட்கார்ந்து பேசும் அந்த ஆங்கிலம் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது, "ஸ்" சீறும் உச்சரிப்போடு. ஃப்ளோரி எழுந்து போன பிறகு மனிதர் உள்ளே போய் எந்த மொழியில் பெருமூச்சு விட்டார் என்று ஆர்வெலுக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாவது, அமிதவ் கோஷின் "தி கிளாஸ் பேலஸ்". ஆங்கிலத்தில்தான் படித்தேன், அகராதியோடு. 1885-ல் மாந்தலேயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தொடங்குகிறது. தூரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, அது என்னவென்று கடையில் இருக்கும் ஒரே ஒருவனுக்குத்தான் தெரிகிறது. ராஜ்குமார், பதினோரு வயதுப் பையன், வங்காளி. அது ஆங்கிலேயர் பீரங்கி. பிரமாதமான தொடக்கம். திபோ மன்னர் குடும்பத்தை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்புவது, அரண்மனையில் கொள்ளை, தேக்குக் காடு, யானைகள், எல்லாம் கண்ணில் நிற்கிறது. பாதி வரை கீழே வைக்க முடியவில்லை. அதற்குப் பிறகு பேரன் பேத்தி என்று ஆட்கள் கூடக்கூடக் கல்யாண மண்டபத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக்கொண்டு நிற்பது போல ஆகிவிட்டது. பையனாக வரும்போது ராஜ்குமாரை "கலா" என்று சொல்கிறார்கள். இந்தியர்களைப் பர்மியர்கள் இளக்காரமாகக் கூப்பிடும் சொல், நமக்கு விளக்கம் தேவையில்லை. அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். என் மனத்தாங்கல் வேறு. மலாயா ரப்பர் தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள். ராஜ்குமாருக்கு அவளிடம் ஒரு மகன் பிறக்கிறான், இளங்கோ என்று பெயர். அந்தப் பெண் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறாளே தவிரக் காதில் விழவே இல்லை.

மூன்றாவது ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி". இது பர்மா இல்லை, சுமத்ராவின் மெடானும் மலாயாவின் பினாங்கும். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. கீழே யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

நாலாவது மா மா லேயின் பர்மிய நாவல், "மோன் யுவே மஹு". தமிழில் சொன்னால் "வெறுப்பினால் அல்ல". 1955. அதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. பிறகு பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை (ரங்கூன்)

நீண்ட நாள் கழித்து ஒரு உருப்படியான இழை. ஆனால் ஒரு திருத்தம். ஆர்வெலின் பட்லர் "திராவிடன்" என்றுதான் இருக்கிறது. அவன் தமிழன் என்று உமக்கு யார் சொன்னது? தெலுங்கனாக இருக்கலாம். அந்தக் காலத்தில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரக் கரையிலிருந்து வந்தவர்கள். 1930 மே மாதக் கலவரமே அந்தத் துறைமுகத் தொழிலாளர்கள்மேல்தான் விழுந்தது. நம் ஆள் என்று கட்டிக்கொள்ளும் முன் கொஞ்சம் நிதானம் தேவை.

உளுந்துக்கடை

சரி ஐயா, தெலுங்கனாகவே இருக்கட்டும். திட்டு வாங்கியது போதாதா, பங்கு பிரிக்கவும் வேண்டுமா?

வியாசர்பாடி பேரன் (சென்னை)

அண்ணே, நான் கிளாஸ் பேலஸ் படித்துக்கொண்டிருக்கிறேன், இருநூறாவது பக்கத்தில்! அந்த மகன் விஷயத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டீர்களே. அடுத்த முறை "கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகவும்" என்று ஒரு வரி போடுங்கள்.

மொழி பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். என் ஆயா 1964-க்குப் பிறகு கப்பலில் வந்தவர். கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஐம்பது நூறு சாட் நோட்டு ஒரே நாளில் செல்லாமல் போனது, ஒரு பெட்டியும் தையல் மெஷினுமாக வந்து இறங்கினோம் என்பார். இங்கே தெருவில் இருக்கும் பழைய பர்மாக்காரக் கிழவிகள் எல்லாரும் எங்கள் முன் தமிழ்தான் பேசுவார்கள். வம்பு பேச வேண்டுமென்றால் மட்டும் பர்மியம். எங்களுக்குப் புரியக்கூடாது என்று. அதனால் எனக்குத் தெரிந்த பர்மியச் சொற்கள் எல்லாமே யாரோ ஒருவருடைய மருமகளைப் பற்றியவை. இதை எந்த நாவலிலும் நான் பார்த்ததில்லை. நம் சினிமாவிலும் கதையிலும் ரங்கூன் என்றால் பணக்கார அண்ணன் இருக்கும் ஊர், அல்லது குண்டு விழும் ஊர். இரண்டே வேலைதான் அதற்கு.

மோல்மேன் அக்கா (மோல்மேன்)

தம்பி சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இங்கே தலைகீழ். எங்கள் பிள்ளைகள் எங்களுக்குப் புரியாமல் பேச வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? அவர்களுக்குப் பர்மியம்தான் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆகவே ஒளித்து வைக்க மொழி கிடையாது. பாவம்!

ஆர்வெலை இவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம் அண்ணா. அவருடைய அம்மா வளர்ந்தது எங்கள் ஊரில், தேக்கு வியாபாரக் குடும்பம். அவரும் இங்கே வேலை பார்த்திருக்கிறார். அதனால் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பாசம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் விஷயம் அதுவல்ல. வீராசாமியின் முடிவைப் பாருங்கள். ஃப்ளோரி போனதும் அவருக்குப் பாதுகாப்புப் போய்விடுகிறது. பதவி இறக்கி மாந்தலே ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுகிறார்கள். அதை ஆர்வெல் நீட்டவில்லை, கடைசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். வெள்ளைக்காரனின் நட்பை நம்பி இருந்தவருக்கு என்ன ஆகும் என்பதை அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் வீட்டுக்குள் எந்த மொழி பேசினார் என்பது தெரியாமல் போனால் என்ன? அந்த வீட்டுக்குள் ஃப்ளோரியும் போனதில்லையே. ஃப்ளோரிக்குக் கேட்டதுதானே நமக்கும் கேட்கும்?

உளுந்துக்கடை

அக்கா, இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, யோசித்தேன். நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். வராந்தாவோடு நின்றது ஃப்ளோரியின் குறை, நாவலின் குறை இல்லை என்கிறீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் பதில்: ஆர்வெல் நாவலின் முதல் அத்தியாயத்தில் நம்மை யூ போ சின் என்ற அந்தக் குண்டு மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்குள், அவன் மண்டைக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே ஃப்ளோரி இல்லை. வில்லன் வீட்டுக்குள் போகத் தெரிந்தவருக்கு டாக்டர் வீட்டுக் கதவு ஏன் திறக்கவில்லை?

மோல்மேன் அக்கா

நல்ல கேள்வி. அரிசி ஊறப்போட்டிருக்கிறேன், மாவாட்டும் நேரத்துக்குள் கரண்ட் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதில் பிறகு.

கணக்குப்பிள்ளை

கோஷ் நாவல் பற்றி ஒரு தகவல். உமது மொழிப் பைத்தியத்துக்குப் பொருத்தமானது. அந்த நாவலுக்கு காமன்வெல்த் பரிசில் வட்டார அளவில் முதலிடம் கிடைத்தது. 2001-ல் கோஷ் அதை வேண்டாம் என்று விலக்கிக்கொண்டார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தப் பரிசுக்கு ஆங்கிலத்தில் எழுதிய புத்தகங்கள் மட்டும்தான் தகுதி என்பது. ஆகவே மனிதருக்குக் காது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உளுந்துக்கடை

இது எனக்குப் புதிய செய்தி. மரியாதை கூடிவிட்டது. ஆனால் பரிசைத் திருப்பிக் கொடுத்ததால் தோட்டத்துப் பெண்ணுக்குக் குரல் வந்துவிடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நம் ஆட்கள் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே தப்பிய அந்த நடையைக் கோஷ் எழுதியிருக்கும் விதம் அருமை. சகதி, ஆற்றங்கரையில் காத்துக் கிடப்பது, கைக்குழந்தை. அங்கே மட்டும் பேச்சு குறைந்துவிடுகிறது. அது சரியாகவே பட்டது. நாலைந்து லட்சம் பேர் நடந்தார்கள் என்று சொல்வார்கள். என் தாத்தாவும் ஒரு பத்து நாள் நடந்துவிட்டு, காய்ச்சலோடு திரும்பி வந்துவிட்டார். அதனால்தான் நாங்கள் இன்னும் இங்கே இருக்கிறோம். அதைப் பற்றி வீட்டில் யாராவது கேட்டால் "நடந்தேன், திரும்பினேன்" என்பதோடு சரி.

வியாசர்பாடி பேரன்

1942 நடை என்றால் வெ. சாமிநாத சர்மாவின் "எனது பர்மா வழி நடைப் பயணம்" படியுங்கள் அண்ணே. நாவல் இல்லை, நடந்தவரே எழுதியது. ரங்கூனில் "ஜோதி" பத்திரிகை நடத்தியவர். மனைவியோடு நடந்திருக்கிறார். எந்த நாவலும் அதன் பக்கத்தில் நிற்காது என்பது என் கட்சி. அழுகை இல்லாமல், ஒப்பாரி இல்லாமல், இன்று இவ்வளவு தூரம், தண்ணீர் கிடைத்தது, அரிசி தீர்ந்தது என்று போகிறது.

சரி, சிங்காரம் பற்றி எழுதுகிறேன் என்றீர்களே? கேட்டுவிட்டேன். எழுதுங்கள்.

உளுந்துக்கடை

சர்மா புத்தகத்தை யாராவது ஊரிலிருந்து வரும்போது கொடுத்தனுப்ப முடியுமா? காசு கொடுத்துவிடுகிறேன்.

சிங்காரம். அந்த மனிதர் 1938-ல் மெடானுக்குப் போய், யுத்தம் முழுவதையும் அங்கே பார்த்துவிட்டு 1946-ல் ஊர் திரும்பியவர். மதுரையில் பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டே இரண்டு நாவல் எழுதினார். "புயலிலே ஒரு தோணி" பத்து வருடம் போல அச்சுக்குப் போகாமல் கிடந்து 1972-ல் வந்தது. அதற்குப் பிறகு அவர் நாவலே எழுதவில்லை. இதை நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

நான் தேடும் காது இவருக்கு இருக்கிறது. ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழையும் நாளில் தொடங்குகிறது கதை. சந்தையில், மதுக்கடையில், கப்பலில் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மலாய்ச் சொல் வருகிறது, சீன முதலாளி வருகிறான், டச்சுத் தெருப் பெயர் வருகிறது. செட்டிநாட்டுப் பேச்சு ஒரு பக்கம், மதுரைப் பேச்சு ஒரு பக்கம், முஸ்லிம் வியாபாரிகள் தமிழ் இன்னொரு பக்கம். நம் கையைப் பிடித்து அழைத்துப் போவதில்லை. புரிந்தால் புரியட்டும் என்று விட்டுவிடுகிறார். துறைமுகத்தில் வளர்ந்தவனுக்கு அதுதான் இயல்பு. எங்கள் கடைவீதியில் யார் யாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள்?

தொங்கான் என்ற பாய்மரச் சரக்குக் கப்பலில் போகும்போது புயலில் சிக்கும் பகுதி இருக்கிறதே, அதைப் படிக்கும்போது இங்கே வெளியிலும் மழை. வாக்கியம் உடைந்து உடைந்து அலை மாதிரியே வருகிறது. ஜன்னலைச் சாத்தக்கூட எழுந்திருக்கவில்லை, பாய் நனைந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் (தமிழில்).

கதாநாயகன் பாண்டியனும் அவன் நண்பன் மாணிக்கமும் குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைப் போட்டுக் கிழிக்கும் இடங்கள் வருகின்றன. இங்கே கோயில் ஆண்டு விழா மேடையில் "கல் தோன்றி மண் தோன்றா" என்று முழங்குவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். மேடையிலிருந்து இறங்கியதும் அந்தப் பேச்சாளரே பேரனிடம் பர்மியத்தில்தான் செருப்பு எங்கே என்று கேட்பார். சிங்காரம் அதை ஐம்பது அறுபது வருடம் முன்னாலேயே எழுதிவிட்டார் என்று பட்டது.

குறை இல்லையா? இருக்கிறது. பெண்கள். நாவலில் பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள், பெரும்பாலும் ஆண்களின் பேச்சில் வருகிறார்கள். பினாங்கிலும் மெடானிலும் ஒரு தமிழ்ப் பெண் காலையில் எழுந்து என்ன செய்வாள் என்பது சிங்காரத்துக்கும் தெரியவில்லை. முதல் நாவலான "கடலுக்கு அப்பால்" பரவாயில்லை, அதில் மரகதம் இருக்கிறாள். அதுவும் எனக்குப் பிடித்தது அந்தக் காதலுக்காக இல்லை. துப்பாக்கி பிடித்த பையன் இனி வட்டிக்கடைக்கு ஆக மாட்டான் என்று அவளுடைய அப்பா கணக்குப் போடுகிறாரே, அதற்காக. வியாபாரியின் மூளை எப்படி ஓடும் என்று எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் குறைவு. நான் வியாபாரி, சொல்கிறேன்.

மோல்மேன் அக்கா

பெண்கள் விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், இல்லாவிட்டால் நான் வந்திருப்பேன். நான் சிங்காரத்தை இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் நூறு பக்கத்தில் நிறுத்தியவள். ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். என் வீட்டிலேயே அது நடக்கிறது, அதற்குப் புத்தகம் எதற்கு?

ஹெப்சிபா ஜேசுதாசனைப் படித்திருக்கிறீர்களா? "புத்தம் வீடு", 1964. நாகர்கோவில் பக்கத்துப் பனையேறிகளின் ஊர். லிஸி என்ற பெண்ணை வயது வந்ததும் வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள், அவளுக்குப் பனையேறியின் மகன் தங்கராஜ்மேல் விருப்பம். கதை இவ்வளவுதான். ஆனால் பேச்சு! அந்த ஊர்த் தமிழ் எனக்கு முதலில் பாதி புரியவில்லை. வாய்விட்டுப் படித்தால் புரிந்தது. லிஸியின் தாத்தா கண்ணப்பச்சி பேசினால் அந்தக் கிழவர் குரல் கேட்கிறது. சத்தமே போடாமல் எழுதியிருக்கிறார்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அவர் சிறுவயதைக் கழித்தது பர்மாவில். பிற்பாடு "மா-னீ" என்று பர்மாவைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுதினார், 1982-ல். பெயரைப் பாருங்கள். "மா" போட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். நான் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் தயவு செய்து சொல்லுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை

என்னிடம் இருந்தது. 2008 நர்கிஸ் புயலில் கூரை போனபோது அந்த அலமாரி முழுக்கக் கூழாகிவிட்டது. சொல்லி என்ன பயன்.

டவுங்கூ தம்பி (டவுங்கூ)

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவன், முதல் தடவை எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும். தமிழ் எழுத்துக் கோயில் வகுப்பில் படித்தது, மூன்று வருடம், ஞாயிறு மட்டும். அதனால் தட்டச்சு மெதுவாக வரும். உளுந்துக்கடை அண்ணன் மா மா லே நாவல் பற்றி எழுதத் தயங்குவதாகச் சொன்னார். அது பள்ளிக்கூடக் காலத்தில் நான் பர்மியத்தில் படித்தது. எதற்குத் தயக்கம்?

உளுந்துக்கடை

தம்பி, உன் தமிழ் நன்றாகவே இருக்கிறது. முதல் தடவை எழுதுகிறாய், உன்னை ஏமாற்றக்கூடாது. எழுதிவிடுகிறேன்.

படிக்காதவர்களுக்காக: ஐராவதி டெல்டாப் பக்கம் ஒரு அரிசி வியாபாரியின் மகள், வே வே. கம்பெனி ஏஜெண்டாக வருகிறான் யூ சோ ஹான். பர்மியன்தான், ஆனால் நடை உடை பாவனை எல்லாம் ஆங்கிலேயன். அவள் அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் கெட்டவன் இல்லை. அடிக்கவில்லை, வேறு பெண்ணைத் தேடிப் போகவில்லை. அவள்மேல் உயிராக இருக்கிறான். ஆனால் அவள் சாப்பிடுவது, உடுத்துவது, எந்த மருந்து குடிப்பது, யாரைப் பார்க்கப் போவது, எல்லாமே அவன் முறைப்படி நடக்க வேண்டும். அவளுடைய நல்லதுக்காகத்தான். அவள் கொஞ்சம் கொஞ்சமாக வாடிப் போகிறாள், காசநோய் வந்துவிடுகிறது. (பேரன், மன்னிக்கவும், இந்தத் தடவையும் வரி போட மறந்துவிட்டேன்.)

பர்மிய வாசகர்கள் இதை வெள்ளைக்கார மோகத்துக்கு எதிரான நாவல் என்பார்கள். அப்படித்தான் நானும் இருபது வயதில் படித்தேன். யூ சோ ஹானைத் திட்டிக்கொண்டே படித்தேன்.

இந்த முறை ஐம்பத்து மூன்று வயதில் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு, போட்டவன் நான். ராத்திரிச் சாப்பாட்டில் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும். மகளுக்கு ஏழு வயதில் தொடங்கியது. 1965-க்குப் பிறகு தனியார் பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின, வீட்டில் நாம் காப்பாற்றாவிட்டால் யார் காப்பாற்றுவது என்று எனக்கு ஒரு வேகம். பர்மியத்தில் ஒரு சொல் வந்தால் "ம்?" என்பேன். அவள் நிறுத்தி, தமிழ்ச் சொல்லைத் தேடி, கிடைத்தால் சொல்வாள். கிடைக்காவிட்டால் "ஒண்ணும் இல்லப்பா" என்பாள். அது நல்ல தமிழ்தான், ஒரு பிழையும் இல்லை. வருடக்கணக்கில் எங்கள் சாப்பாட்டு மேசையில் அதிகமாகக் கேட்ட தமிழ் வாக்கியம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பள்ளியில் யார் அவளைக் கேலி செய்தார்கள், பரீட்சையில் ஏன் அழுதாள், எதுவும் எனக்குத் தெரியாது. சமையலறையில் அவள் அம்மாவிடம் பர்மியத்தில் மடமடவென்று கொட்டுவது மட்டும் சுவர் வழியாகக் கேட்கும்.

வே வே மேசையில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் இருப்பதைப் படித்தபோது புத்தகத்தை வைத்துவிட்டேன். மூன்று நாள் எடுக்கவில்லை. நாவலை நாவலாகப் படிக்காமல் தன் கதையாகப் படிப்பது மட்டமான வாசிப்பு என்று இங்கே பலமுறை நானே எழுதியிருக்கிறேன்.

ஒரு நாவலாக அதில் குறையும் உண்டு. அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று மா மா லே அதிகம் காட்டுவதில்லை. காட்டியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

மோல்மேன் அக்கா

அண்ணா, மாவு கரைத்துவிட்டு வந்து இதைப் படித்தேன். என் தமிழ் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். நானும் "ம்?" என்பவள்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சொல்லத்தான் போகிறேன். உங்களுக்கு ஆறுதல் சொல்ல நினைத்தேன், வரவில்லை.

மகள் இப்போது எங்கே?

உளுந்துக்கடை

சிங்கப்பூரில், ஆஸ்பத்திரி வேலை. அங்கே தமிழ் உதவியாக இருக்கிறதாம். போனில் பேசும்போது இப்போதெல்லாம் நான்தான் பர்மியத்தில் தொடங்குகிறேன், அவள் தமிழில் பதில் சொல்கிறாள். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை

இழையின் தலைப்புக்குத் திரும்புவோமா? என் கட்சி இது. நாவல் பேச்சுப் பதிவு இல்லை. எந்த மொழி என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் உலகத்தில் பாதி நல்ல நாவலைத் தூக்கிப் போட வேண்டிவரும். மா மா லே நாவலில் எல்லாரும் பர்மியம்தான் பேசுகிறார்கள், ஆனாலும் உம்மைத் தூங்கவிடவில்லையே? அப்போது உம்முடைய சோதனை எங்கே போயிற்று?

உளுந்துக்கடை

பிடித்துவிட்டீர்கள் ஐயா. சோதனை தோற்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அடுத்த நாவலைத் திறந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பழகிவிட்டது.

வியாசர்பாடி பேரன்

சர்மா புத்தகம் ஒரு பிரதி வாங்கிவிட்டேன் அண்ணே. அடுத்த மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் ரங்கூன் வருகிறார், பீலிக்கான் கோயிலுக்கு நேர்த்திக்கடன். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். காசு வேண்டாம். ஆயாவுக்கு நல்ல லெப்பெட், அந்த ஊறவைத்த தேயிலை, ஒரு பாக்கெட் கொடுத்தால் போதும். இங்கே பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கிடைக்கிறது, லெப்பெட் மட்டும் ஆயா சொல்லும் ருசியில் கிடைப்பதில்லை.

டவுங்கூ தம்பி

ஒரு கேள்வி. நான் தமிழில் முழு நாவல் படித்ததே இல்லை. எதில் தொடங்கலாம்? சிங்காரம் எனக்கு வருமா?

மோல்மேன் அக்கா

"புத்தம் வீடு" படி தம்பி. சின்னப் புத்தகம்.

கணக்குப்பிள்ளை

வட்டார வழக்கு அவனுக்குப் புரியாது. நேரான தமிழில் எழுதியதைக் கொடுங்கள்.

உளுந்துக்கடை

சிங்காரத்திலேயே தொடங்கு. புரியாத சொல்லைத் தாண்டிப் போ. வாய்விட்டுப் படி. நான் அனுப்புகிறேன், போனில் வரும்.

டவுங்கூ தம்பி

பத்து நாள் கழித்து வருகிறேன். எனக்குக் கண்ணால் படித்தால் வேகம் வரவில்லை. அதனால் பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பாட்டிக்கு எண்பத்தொன்று. எழுதப் படிக்கத் தெரியாது, இங்கேயே பிறந்தவர், ஊரைப் பார்த்ததே கிடையாது. மூன்றாவது பக்கத்திலேயே நிறுத்தி, பாண்டியன் எந்த ஊர் என்று கேட்டார். சின்னமங்கலம் என்றேன். எந்த ஜில்லா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, மதுரைப் பக்கம் என்று சொல்லிவைத்தேன். அப்படியானால் நம் பக்கம்தான் என்றார். அவருடைய அப்பாவே சிறுபிள்ளையில் கப்பலேறியவர். நான் தப்பாகப் படித்த சொற்களை எல்லாம் திருத்திக்கொண்டே வந்தார். அந்தச் சொற்கள் பாட்டிக்குத் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. முடித்ததும் பர்மியத்தில், நன்றாகப் பேசுகிறார்கள், நாளைக்கும் படி என்றார்.

உளுந்துக்கடை

எந்த இடம் வரை போயிருக்கிறீர்கள்?

டவுங்கூ தம்பி

மெடான் சந்தை வரை அண்ணா. அப்புறம் கரண்ட் போய்விட்டது.